ஒரத்துப்பாளையம்: அணை கட்டும் முன் கேட்காத கணக்கு

நொய்யல் பற்றிக் குறிப்பு சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சாயத்தண்ணி ஆற்றைக் கெடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே வருஷங்களில் அதே ஆற்றில் அரசாங்கமே பாசன அணை கட்டியதே, அது எப்படி?

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1980-களில் பனியன் ஏற்றுமதி வேகம் பிடித்தது. வெள்ளை பனியனோடு கலர் துணியும் சேர, சாயப்பட்டறைகள் பெருகின. 1989 மார்ச் 30-ல் அரசாணை 213 வந்தது: கடுமையாக மாசுபடுத்தும் தொழில்களை ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அனுமதிக்கக் கூடாது. 1992-ல் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை முடிந்தது. சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். 1998-ல் இன்னொரு ஆணை, காவிரிக்கும் கிளையாறுகளுக்கும் அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் ஆக்கியது.

மேலே ஏற்றுமதியை வளர்க்க ஒரு கொள்கை, கீழே தண்ணீர் தேக்க இன்னொரு கொள்கை. நிலத்துக்கான விதியோ தூரத்தை மட்டும் அளந்தது. பிரச்சினை தூரத்தில் இல்லை, உப்பில் இருந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு போடணும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுத்தண்ணியோடு வெளியே வந்துடும். பட்டறை 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பள்ளம், ஓடை வழியாக ஆற்றுக்குத்தான் வரும். 1990-களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவைத் தேக்கும் தொட்டி ஆயிற்று. எந்த ஆயக்கட்டுக்காகக் கட்டினார்களோ, அந்த விவசாயிகளே இந்தத் தண்ணி வேண்டாம் என்றார்கள்.

பிறகு எல்லாம் நீதிமன்றத்தில். ஆயக்கட்டுதாரர்கள் வழக்கில் 2006-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கடைசியில் 2011 ஜனவரி 28-ல் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். காடு கெட்டவர்களும் வேலை போனவர்களும் ஒரே ஆற்றங்கரைக்காரர்கள்தான்.

1994-ல் மத்திய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, ஒவ்வொரு திட்டத்தையும் தனியாகப் பார்க்கும். நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் சேர்ந்து என்ன செய்யும் என்று பார்க்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே, நிலப் பயன்பாட்டுத் திட்டங்களை ஏற்கும் முன் மதிப்பிடணும் என்று விதி செய்தது. நம்மிடம் அப்படி ஒரு கட்டாயச் சட்டம் இன்றும் இல்லை.

1989-லேயே கேட்டிருக்கக்கூடியவை மூன்றே கேள்விகள். தினம் எவ்வளவு கழிவுத்தண்ணி வரும்? அதில் உப்பு எவ்வளவு? மழைக்காலத்தில் மட்டும் ஓடும் நொய்யலில் கோடையில் அதைக் கரைக்கத் தண்ணி இருக்கா? இதுக்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். ஆற்றுக்கு மேலே தொழிற்பேட்டைக்கு இடம் ஒதுக்கும்போதெல்லாம், கீழே யார் தண்ணி எடுக்கிறார்கள் என்ற கணக்கும் அதே கோப்பில் இருக்கணும். நொய்யலில் அந்தக் கணக்கைக் கடைசியில் போட்டது நீதிமன்றம், அதுவும் 20 வருஷம் கழித்து.