பழைய கைக்கடிகாரத் தேர்வு (ஊவா)

பழைய கைக்கடிகாரத் தேர்வு என்பது சாவி கொடுத்தோ கையசைவாலோ ஓடும் பழங்காலக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்குமுன், அதன் இயந்திரம், டயல், கூடு மூன்றையும் சோதித்து, அது சேகரிப்புக்குத் தக்கதா என்று தீர்மானிக்கும் முறையாகும். இயந்திரத்தைப் பேச்சுவழக்கில் 'மெஷின்' என்பர். இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை நகரிலும், பசறை, லுணுகலை, நமுனுகலை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் கைமாறும் கடிகாரங்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

வரலாறு

ஊவாத் தோட்டங்களின் நாளைத் தப்பு என்னும் பறை நடத்தியது. விடியுமுன் அடிக்கும் தப்பு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை எழுப்பியது. காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்தபின், கொழுந்து நிறுக்கும் வேளை கங்காணியின் குரலில் வந்தது. நேரத்தைத் தம் கையில் வைத்திருந்தவர்கள் துரை, கணக்கப்பிள்ளை, டீமேக்கர் போன்றோரே. தொழிற்சாலையில் தேயிலை தயாரிக்கும் டீமேக்கருக்குக் கடிகாரம் ஒரு தொழிற்கருவி. கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் ஆகும். உருட்டிய கொழுந்தைப் புளிக்கவைப்பதோ நிமிடக் கணக்கு. தவறினால் தேநீரின் நிறமும் மணமும் கெடும்.

1906 இல் இலங்கை முழுவதற்கும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னான பொது நேரம் ஏற்பட்டது. 1924 இல் மலையகப் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அக்காலத்தில் இந்திய உபகண்டத்தில் புழங்கிய கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் சுவிஸ் நாட்டுச் சரக்கு. 1886 இல் தோன்றிய வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் 'சோவார் பிரிமா'வும், 1737 இல் லெ லொக்ல் ஊரில் வேர்விட்ட ஃபேவர் லூபாவின் கடிகாரங்களும் அவற்றுள் பெயர்பெற்றவை.

1961 இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் இந்திய அரசின் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. மூன்றாண்டு கழித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே வந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு தமிழ்நாட்டில் இறங்கிய அம்மக்களின் கைக்கு எட்டிய கடிகாரம் எச்.எம்.டி.தான். இலங்கையில் எஞ்சியோருக்கு 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். வெளிநாட்டுப் பொருள் எதுவும் அரிது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் ஜப்பானின் சைக்கோ 5, சிட்டிசன் கடிகாரங்களோடு ஊர் திரும்பினர். நேரம் பிறர் கையில் இருந்த லயத்து மக்களுக்கு, போன இடத்திலும் இருந்த இடத்திலும், அது சொந்த மணிக்கட்டுக்கு வந்தது இக்கடிகாரங்களால்தான். ஆகவே ஊவாச் சேகரிப்பில் முதலிடம் பெறத் தக்கவை விலையுயர்ந்த சுவிஸ் பெயர்கள் அல்ல, எச்.எம்.டி.யும் சைக்கோவுமே.

இயந்திர வகைகள்

ரோஸ்கோப் வகை: 1867 இல் ஜோர்ஜ் ஃபிரெடெரிக் ரோஸ்கோப் சாதாரண மக்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்த மலிவான அமைப்பின் வழிவந்தது. தாங்கிகளில் உராய்வைக் குறைக்கும் கல் இராது, அல்லது ஓரிரண்டே இருக்கும். உலோக ஊசிகள் தேய்ந்துவிடுவதால் பழையவற்றில் சரியாக ஓடுபவை குறைவு.

கல் வைத்த லீவர் வகை: சாவி கொடுத்து ஓடுவது. 17 கல் இருந்தால் முழுமை; அதற்கு மேற்பட்ட எண்ணிக்கை இவ்வகையில் பெருமைக்கே உதவும். முன்பின் ஆடும் பேலன்ஸ் வீலின் அச்சு அதிர்ச்சியில் முறியாதிருக்க 1930களில் வந்த இன்காப்ளொக் போன்ற அமைப்புகள் உண்டு. அதன் சின்னஞ்சிறு யாழ் வடிவ ஸ்பிரிங்கை வெறுங்கண்ணாலேயே காணலாம். எச்.எம்.டி. ஜனதாவும் 17 கல்தான். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து.

தானியங்கி வகை: 1963 இல் அறிமுகமான சைக்கோ 5 இதன் அடையாளம். அதன் வரிசையில் வந்த 7009 இயந்திரம் மணிக்கு 21,600 முறை துடிப்பது. இந்த இயந்திரத்துக்குச் சாவி கொடுக்க இயலாது. கையில் கட்டி அசைத்தால்தான் முறுக்கேறும்.

குவார்ட்ஸ் வகை: 1969 டிசம்பர் 25 அன்று சைக்கோ வெளியிட்ட அஸ்ட்ரோனுடன் தொடங்கிய பேட்டரி கடிகாரங்கள். இவை இக்கட்டுரை கூறும் சேகரிப்பில் அடங்குவதில்லை.

சோதிக்கும் முறை

முதலில் டயல். பதுளையில் வடகீழ்ப் பருவமழை ஈரம், இறுகாத கூட்டுக்குள் புகுந்து டயலில் புள்ளிகளை உண்டாக்கும். சீராகப் பழுத்த டயல் குறையன்று. அறுபது ஆண்டுக் கடிகாரத்தில் பளபளக்கும் புது டயல்தான் சந்தேகத்துக்குரியது. நிமிடக் கோடுகள் எண்களோடு நேராக நிற்கின்றனவா, எழுத்துகள் தடித்துக் கசிந்துள்ளனவா, ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' போன்ற நுண்ணெழுத்து விடுபட்டுள்ளதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் விற்கப்படும் எச்.எம்.டி. பைலட் பெரும்பாலும் மறுபடி அச்சிட்ட டயல் கொண்டது. மறு டயல் போட்ட கடிகாரம் கட்டிக்கொள்ள ஆகும், சேகரிப்புக்கு ஆகாது. பழைய ரேடியப் பூச்சு இன்று ஒளிராவிட்டாலும் கதிரியக்கம் உள்ளது; அதைச் சுரண்டலாகாது.

அடுத்தது பொருத்தம். சைக்கோவில் இது எளிது. பின்மூடியில் 7009-3040 என்பது போல எண் இருக்கும்: முன் நான்கு இலக்கம் இயந்திரம், பின் நான்கு கூடு. டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்திலும் இயந்திர எண் உண்டு. டயல், மூடி, இயந்திரம் மூன்றிலும் 7009 என்றே வரவேண்டும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 8N என்று தொடங்கினால் 1978 அல்லது 1988 நவம்பர்.

மூன்றாவது திறந்து பார்த்தல். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் தேர்ச்சியற்ற கை பட்டுள்ளது. சாவித் தண்டின் அருகே துருவின் செம்மை தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மூடியின் உட்புறத்தில் கடிகாரம் திருத்துபவர் ஊசியால் கீறிய நுண்குறிகள் இருக்கலாம். அவை கெடுதியல்ல, காலாகாலத்தில் எண்ணெய் இட்டுப் பேணியதற்கான சாட்சி.

கடைசியாக ஓட்டம். சாவி உரசலின்றிச் சுழல வேண்டும். முழுமையாக முறுக்கேறினால் ஒன்றரை நாளாவது ஓட வேண்டும். டயல் மேல்நோக்கி ஓரிரவு, சாவி கீழ்நோக்கி ஓரிரவு வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாகாது. திடீரென்று பல நிமிடம் முந்தி ஓடுவது பெரும்பாலும் காந்தம் ஏறியதால். அது எளிதில் தீரும். பேலன்ஸ் வீல் சோம்பி ஆடினால் எண்ணெய் காய்ந்துள்ளது. சுத்தம் செய்யும் கூலியை விலையில் கழித்தே பேச வேண்டும்.

இன்றைய நிலை

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016 இல் இந்திய அரசு முடிவெடுத்தது. இப்போது வாங்கலும் விற்றலும் கைபேசி வழியாகவும் நடக்கின்றன.

வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: டயலில் எந்தப் பெயர் இருந்தாலும், பின்மூடியைத் திறந்து காட்ட விற்பவர் மறுத்தால் அந்தக் கடிகாரத்தை வாங்கலாகாது.