நடைவண்டியின் பூர்வ சரித்திரம்

தவழ்ந்து திரிந்த குழந்தை ஒரு நாள் சுவரைப் பற்றிக்கொண்டு எழுந்து, நின்றுவிட்ட பெருமிதத்தில் கையை விட்டுத் தொப்பென்று உட்கார்ந்துவிடும் பிராயத்தில், நம் வீடுகளில் பரணிலிருந்து இறக்கப்படும் வஸ்து நடைவண்டி. மூன்று மர உருளைகள், அவற்றை இணைக்கும் சட்டம், குழந்தை பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. இவ்வளவே அதன் அங்கங்கள்.

இதன் வம்சாவளியைத் தேடிச் செல்பவர் சங்க காலத்து வீட்டு முற்றத்திற்கே போய்ச் சேருவார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தை வர்ணிக்கும்போது, உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியின்மேல் பெண்கள் கழற்றி எறிந்த கனத்த குழை, சிறுவர்கள் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று உருளைச் சிறுதேருக்கு வழியில் தடையாய்க் கிடப்பதைக் காட்டுகிறார். அவரே பெரும்பாணாற்றுப்படையில், நெற்கூடுகள் ஓங்கி நிற்கும் உழவர் மனையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேரை உருட்டி உருட்டித் தளர்நடையால் களைத்த குழந்தைகள், செவிலியர் அணைப்பில் பாலுண்டு படுக்கையில் உறங்கிப்போவதைச் சொல்லுகிறார். நடை பழக்குவதற்கென்றே அத்தேர் செய்யப்பட்டது என்று புலவர் கூறவில்லை. ஆயினும் தள்ளாடி நடக்கும் பருவத்துக் கையில் அது இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஏறிச் செல்ல முடியாத தேர் அது என்பதையும் அவர் மறவாமல் குறிக்கிறார். தச்சன் செய்த சிறுவண்டியை ஊர்ந்து மகிழ இயலாவிடினும் கையால் இழுத்தே மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61-ஆம் பாட்டும் உவமையாக்குகிறது.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் தலை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றும், கை கொட்டுவதைச் சப்பாணி என்றும், தளர்நடையிட்டு வருவதை வருகை என்றும் பருவங்களாக வகுத்தன. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் இறுதிப் பருவம். அது சற்று வளர்ந்த பிள்ளையின் விளையாட்டு.

நடைவண்டியின் விசேஷமே அதில் உட்கார இடமில்லாமைதான் என்பது என் அபிப்பிராயம். குழந்தை தன் பாரத்தைக் கட்டையின்மேல் சாய்க்க, உருளை ஓரங்குலம் முன்னே நகர, விழாமலிருக்க வேண்டுமானால் கால் தானே எட்டி வைத்தாக வேண்டும். இவ்வாறு பாதமும் முழங்காலும் இடுப்பும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. மண் தரையில் உருளை மெல்லச் சுழன்றது. வழவழப்பான சிமெண்டுத் தரையில் வண்டி குழந்தையை முந்திக்கொண்டு ஓடிவிடுமாதலால், இக்காலத்தில் பெரியவர் ஒருவர் கூடவே குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இன்று கடைகளில் ‘வாக்கர்’ என்று விற்பது வேறு ஜாதி. அதில் குழந்தை துணி இருக்கையில் அமர்ந்து, கால் நுனியால் தரையை உந்திப் பறக்கிறது. நிற்கும் சிரமத்தை இருக்கை ஏற்றுக்கொள்வதால் நடை சீக்கிரம் கைகூடுவதில்லை. அவ்வண்டியோடு படிகளில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளமானபடியால், கனடா தேசம் 2004-ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்தது.

ஆகவே, பரணில் பாட்டி காலத்து நடைவண்டி கிடக்குமானால், அச்சு தளர்ந்திருக்கிறதா, சிலாம்பு நிற்கிறதா என்று கைவிரலால் தடவிப் பார்த்து, பேரனுக்கோ பேத்திக்கோ இறக்கிக் கொடுங்கள். அது உருளும்வரை அருகிலேயே இருங்கள்.