மூன்றாவது பிரதி

வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் கெட ஆரம்பித்தால் பெரும்பாலும் சத்தத்தில் தெரிந்துவிடும். ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டுத் தட்டும். உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முனை, தன் இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். என் வயது நண்பர்கள் பலர் பேரப்பிள்ளைகளின் படங்களையும் வீட்டுப் பத்திரங்களின் நகல்களையும் அதில்தான் வைத்திருக்கிறார்கள். யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் ஒரு பதிவேட்டுக் கதை சொல்வேன். பிரெஞ்சில் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்!

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை இரண்டு பிரதியாக எழுதும் வழக்கம் பிரான்சில் மிகப் பழையது. 1667ஆம் ஆண்டு பதினான்காம் லூயியின் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஒன்று கோயிலில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றப் பதிவகத்துக்குப் போகும். நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டு சிவில் சட்டத்திலும் இரட்டைப் பிரதி விதி நீடித்தது. கோயிலின் இடத்தில் மட்டும் மேரி என்னும் நகரசபை வந்தது.

1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில், நகரசபைக் கட்டடங்களும் நீதிமன்ற மாளிகையும் தீப்பிடித்து எரிந்தன. ஒரு பிரதி அங்கே, மறு பிரதி இங்கே. இரண்டும் சாம்பலாயின. 1860க்கு முந்தைய சுமார் 80 லட்சம் பதிவுகள் போயின. மறு ஆண்டே சட்டம் போட்டு, குடும்பங்கள் வைத்திருந்த சான்றுகளையும் கோயில் ஏடுகளையும் கொண்டு திரும்ப எழுதினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீண்டது. பிரதி இரண்டு இருந்தும் ஊர் ஒன்றாகிப் போனதே காரணம்.

எங்கள் புதுச்சேரியின் கதை வேறு. 1776இல் பதினாறாம் லூயி, குடியேற்ற நாடுகளின் பதிவுகளுக்கு இன்னொரு பிரதி எழுதிக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். கரையானும் ஈரமும் புயலும் உள்ள ஊர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. அப்படிப் போன புதுச்சேரி ஏடுகளை இன்றும் தென் பிரான்சின் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

இனி டிஸ்க்குக்கு வருவோம். கணினி அதைக் காட்டவில்லை, சத்தமும் இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். வேறு துளையில் நேராகச் செருகிப் பாருங்கள். பல சமயம் குற்றம் கேபிளில்தான் இருக்கும். மெதுவாகவாவது திறந்தால், வேறெங்கும் இல்லாத கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். ‘சரிசெய்யட்டுமா?’ என்று கணினி கேட்டால் இப்போது வேண்டாம். நோயுற்ற டிஸ்க்கில் அது மேலும் எழுதும். டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச நிரல், எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கடினமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். ‘டிக்’ சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் முனை தட்டைக் கீறக்கூடும். வீட்டில் திறக்கவும் கூடாது; தூசியில்லா அறை வைத்துத் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருக்கிறவர்களும் இரண்டாவது நகலை அதே அலமாரியில் வைக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ அடுத்த முறை வரும்போது ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.