பழைய டி90-ஐ மாற்றலாமா?

என் நிக்கான் டி90-க்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. பிடியில் ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். மாலை வெளிச்சத்தில் பேத்தி ஆடுவதை எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. "மிரர்லெஸ் வாங்கிக்குங்கப்பா" என்கிறான் மகன்.

2008-ல் வந்தபோது, வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் இதுதான். எனக்கு அந்தப் பெருமையெல்லாம் பெரிதில்லை. கவலை லென்ஸைப் பற்றி. 1959-ல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த லென்ஸ் மவுண்டை அந்த நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் வைத்திருந்தது. 1986-ல் எஃப்-501 வந்தபோது ஆட்டோஃபோகஸ் மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்தார்கள். ஃபிலிம் காலத்தில் நான் வாங்கிய 50 எம்எம் லென்ஸ் அந்த வகை. அதற்கென்று தனி மோட்டார் கிடையாது. மறைந்த என் மனைவியின் நல்ல படங்கள் எல்லாமே அதில் எடுத்தவை.

2018-ல் வந்த இசட் கேமராக்களில் மவுண்டே வேறு. நிக்கான் அடாப்டர் போட்டால் இந்த லென்ஸ் பொருந்தும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு அது கைகூடுவதில்லை.

2017-ல் வந்த டி7500-க்குள் மோட்டார் உண்டு. செகண்ட் ஹேண்டில் ஒன்று இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். சனிக்கிழமை லென்ஸை எடுத்துக்கொண்டு போகிறேன்.