மாப்பிள்ளைக்கு பட்டு வேட்டியா, ஷெர்வானியா? சித்தேரி மலை முதல் சேலம் வரை... கல்யாண டிரெஸ் எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கல்யாணம் முடிவானதும் பொண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பமே கிளம்பும். மாப்பிள்ளை டிரெஸ் மட்டும் கடைசி நேரத்தில், "இருக்கிறதுல நல்லதா ஒண்ணு கொடுங்க" என்ற அளவில் முடிந்துவிடும். காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த சித்தேரி மலையில், மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து மலையேறி வந்தவர்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் வாய்மொழிக் கதை. பரிசம் போட்டு பொண்ணு எடுப்பது மலையாளி மக்களின் பழைய வழக்கம். அதனால் மாப்பிள்ளை வீட்டுக்குச் செலவு முதலிலேயே தொடங்கிவிடும். சாமை, மரவள்ளி விளைச்சலை நம்பி இருக்கும் வீட்டில், ஒரே நாள் போடும் டிரெஸ்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது சாதாரண கேள்வி இல்லை.

முகூர்த்தத்துக்கு எது பெஸ்ட்?

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யோசித்தாலே பதில் கிடைக்கும். சம்மணம் போட்டு உட்காருவார், பெரியவர்கள் காலில் விழுந்து எழுவார், கையில் கங்கணம் கட்டுவார்கள், பல வீடுகளில் பக்கத்தில் ஹோமப் புகையும் இருக்கும். இதற்கெல்லாம் பட்டு வேட்டியும் அரைக்கை பட்டுச் சட்டையும்தான் வசதி. முழுக்கை என்றால் கங்கணம் கட்டும்போது மடித்துவிட வேண்டியிருக்கும். ஜரிகை வேலைப்பாடு நிறைந்த கனமான ஷெர்வானியில் தரையில் உட்கார்ந்து எழுவதே சிரமம். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

4 முழமா, 8 முழமா?

4 முழம் என்பது ஒற்றை வேட்டி, சுமார் 2 மீட்டர் இருக்கும். 8 முழம் என்பது இரட்டை வேட்டி, அதில் இரண்டு மடங்கு நீளம். முகூர்த்தத்துக்கு 8 முழம் எடுப்பது நல்லது. மடித்துக் கட்டுவதால் உள்ளே தெரியாது, நிற்கும்போது கம்பீரமாகவும் இருக்கும். உயரமானவர்கள் நீளத்தோடு அகலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் வேட்டி போட்டோவில் அப்படியே தெரியும். பஞ்சகச்சம் கட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் 9 முழ வேட்டி, 5 முழ அங்கவஸ்திரம் கொண்ட செட் கேட்டு வாங்கலாம்.

பட்டு வேட்டி வழுக்கும். பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வாரம் முன்பே வீட்டில் கட்டிப் பழகிக்கொள்ளலாம். இடுப்பில் பாக்கெட் வைத்த வேட்டி பெல்ட் போட்டால் பிடிமானமும் கிடைக்கும், போன் வைக்க இடமும் கிடைக்கும்.

பக்கத்திலேயே இருக்கும் வெண்பட்டு

சித்தேரியில் இருந்து கல்யாணத் துணி எடுக்க அரூர் இறங்கலாம். கூடுதல் ரகம் பார்க்க தருமபுரி, சேலம் போகலாம். இதில் சேலத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. 'சேலம் வெண்பட்டு' புவிசார் குறியீடு பெற்ற துணி. தருமபுரியிலும் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஆக, மாப்பிள்ளைக்கான பட்டு தேடி ரொம்ப தூரம் போகத் தேவையில்லை.

அசல் பட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

'ஆர்ட் சில்க்' என்று எழுதியிருந்தால் அது செயற்கை இழை. விலை குறைவு என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. அசல் பட்டு விலை கொடுத்து அதை வாங்குவதுதான் நஷ்டம்.

* மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' லேபிள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
* ஓரத்தில் இருந்து ஓர் இழை எடுத்து எரித்துப் பார்க்கலாம். அசல் பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். ரேயான் காகிதம் எரிவது போல வாசம் வரும்.
* கைத்தறி என்று சொன்னால் 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரையைக் கேட்கலாம். சில வகை கரை வேட்டிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது.

1935-ல் தொடங்கப்பட்ட கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீத தள்ளுபடி கிடைக்கும். தை மாதக் கல்யாணம் என்றால் அப்போதே எடுத்து வைத்துவிடலாம்.

ஜிஎஸ்டி-யில் எவ்வளவு வித்தியாசம்?

2025 செப்டம்பர் 22 முதல், ஒன்றின் விலை ரூ.2,500 வரை உள்ள தைத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வேட்டி தைக்காத துணி என்பதால் 5 சதவீதம்தான். 10,000 ரூபாய் ஷெர்வானிக்கு வரி மட்டும் 1,800 ரூபாய். அதே விலையில் பட்டு வேட்டி எடுத்தால் 500 ரூபாய்.

ரிசப்ஷனுக்கு கோட் வேண்டுமென்றால்?

வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் டெபாசிட் எவ்வளவு, டிரை கிளீனிங் யார் பொறுப்பு, எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே கேட்டு ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. மலையில் இருந்து இறங்கி வந்து திருப்பித் தரும் பஸ் செலவையும், தாமதமானால் கேட்கும் கூடுதல் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேட்டியிலேயே ரிசப்ஷன் நிற்பதும் குறைச்சல் இல்லை. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டு, பொது இடங்களில் வேட்டியைக் காரணம் காட்டி அனுமதி மறுப்பதைத் தடை செய்து தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டு வந்தது.

கலர், தையல், பராமரிப்பு

பளீர் வெள்ளை, வீடியோ லைட்டில் வெளுத்துப் போகும். சந்தனம், கிரீம் கலர் முகத்துக்கும் எடுப்பு, பொண்ணு புடவை எந்தக் கலராக இருந்தாலும் ஒத்துப்போகும். புடவையின் பார்டர் கலரில் வேட்டிக் கரை அமைந்தால் ஜோடிப் பொருத்தம் வந்துவிடும்.

சட்டையை மூன்று வாரம் முன்பே தைக்கக் கொடுத்தால், சரியில்லை என்றால் திருத்த நேரம் இருக்கும். உள்ளே காட்டன் பனியன் போட்டால் வியர்வைக் கறை பட்டில் இறங்காது.

கல்யாணம் முடிந்ததும் மஞ்சள், குங்குமக் கறையோடு அப்படியே மடித்து வைக்கக் கூடாது. முதல் முறை டிரை கிளீனிங் கொடுத்து, காட்டன் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஜரிகை ஒடியாது. அந்த வேட்டியைத் தம்பி கல்யாணம், குழந்தைக்குக் காது குத்து, ஊர்த் திருவிழா என்று பல வருஷம் கட்டலாம்.