மலாகாவில் ஒரு தடயம்

அந்நியர்களைக் குறிக்கும் 'கிரிங்கோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மெக்சிகோவில் கேட்டால் கதை தயாராக இருக்கும். 1846-இல் படையெடுத்து வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 'கிரீன் க்ரோ த லைலாக்ஸ்' பாட்டைப் பாடினார்களாம்; அது உள்ளூர்க் காதுகளில் 'கிரிங்கோ' என்று விழுந்ததாம். பச்சைச் சீருடைக்காரர்களை 'கிரீன், கோ' என்று விரட்டியதாகவும் சொல்வார்கள். அந்தப் படை உடுத்தியதோ நீலம்!

காலக்கணக்கு மட்டும் கதைக்குச் சாதகமாகவே தெரிந்தது. 1849-இல் மெக்சிகோ வழியாகக் கலிபோர்னியாவுக்குப் போன ஜான் உட்ஹவுஸ் ஆடுபனின் நாட்குறிப்பில் இந்த வசைச்சொல் இருக்கிறது. போர் முடிந்த மறு ஆண்டு. ஆங்கிலப் பதிவுகளோடு நின்றிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

ஸ்பானிய அகராதிகளைப் புரட்டியபோது கதை கவிழ்ந்தது. எஸ்தேபான் தெ தெர்ரேரோஸ் இ பாந்தோ தொகுத்த அகராதியின் இரண்டாம் தொகுதி 1787-இல் அச்சானது. அதில் இந்தச் சொல்லுக்குச் சில வரிகள்தான்: காஸ்தில்ய மொழி சரளமாக வராமல் ஒருவகை உச்சரிப்போடு பேசும் அந்நியர்களை ஸ்பெயினின் மலாகா நகரில் இப்படி அழைக்கிறார்கள், மாட்ரிட்டில் குறிப்பாக ஐரிஷ்காரர்களை. ஸ்பானியப் படையில் அப்போது ஐரிஷ் ரெஜிமெண்டுகளே இருந்தன, ஆகவே இதில் வியப்பில்லை.

அச்சான ஆண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தெர்ரேரோஸ் இயேசு சபைத் துறவி. 1767-இல் ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் அச்சபையை நாடு கடத்தினார். தெர்ரேரோஸ் 1782-இல் இத்தாலியில் இறந்தார். புத்தகம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. மலாகாவின் வழக்கை அவர் குறித்தது பெரும்பாலும் நாடு கடத்தலுக்கு முன்பாகத்தான் இருக்கும். போருக்கு ஏறக்குறைய 80 ஆண்டு முன்பு!

அவருடைய விளக்கம் மெக்சிகோவைவிட அர்ஜென்டினாவுக்கே பொருந்துகிறது. அங்கே கிரிங்கோ என்றால் முதன்மையாக இத்தாலியக் குடியேறி. 1872-இல் வந்த 'மார்த்தின் ஃபியெர்ரோ' காவியத்தில் இசைப்பெட்டியும் குரங்குமாக ஒரு கிரிங்கோ வருகிறான். 1904-இல் ஃப்ளோரென்சியோ சான்செஸ் எழுதிய 'லா கிரிங்கா' நாடகத்தின் நாயகி இத்தாலியக் குடியானவரின் மகள். பிரேசிலுக்குப் போனால் எந்த வெளிநாட்டவரும் கிரிங்கோதான்.

சரி, மூலம்? மொழியியலாளர் ஜோவான் கொரொமினஸ் 'கிரியேகோ', அதாவது கிரேக்கம், என்கிறார். புரியாத பேச்சைக் கிரேக்கம் என்று சொல்வது ஸ்பெயினில் பழைய வழக்கு. பொருளளவில் இது தெர்ரேரோஸின் விளக்கத்தோடு ஒட்டிப்போகிறது. நானும் இந்தப் பக்கம்தான். ஆனால் 'கிரியேகோ', 'கிரிகோ' ஆகி, பிறகு 'கிரிங்கோ' ஆனதென்றால் நடுவில் அந்த 'ங்' என்ற மெல்லின ஒலி எப்படி முளைத்தது? ஸ்பானிய அகாதெமியின் இன்றைய அகராதியும் இந்தச் சொல்லின் மூலம் சர்ச்சைக்குரியது என்றே போட்டிருக்கிறது.