தாழ்ந்த இமையின் வரலாறு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையிலே அமைந்த ஊர் வத்தேகம. அங்கும் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலும், பாதி மூடிய இமையுடன் பிள்ளை பிறந்தால், “பாட்டனாரின் கண் அப்படியே வந்திருக்கிறது” என்று பெரியோர் கூறி அமைவர். பல வேளைகளில் அக்கூற்றுப் பிழையன்று. இமையை உயர்த்தும் தசை கருவிலேயே குறைவுற வளர்வதால் உண்டாகும் இந்நிலை சில குடும்பங்களில் வழிவழியாக வருவதே.

ஆயினும், குடும்பத்தில் வருவன யாவும் தீங்கற்றனவோ? இதற்கு விடை தந்தது கடல் கடந்த கனடா நாட்டு மக்களின் வரலாறு.

1915ஆம் ஆண்டில், பிரெஞ்சுக் கனடிய வழிவந்த குடும்பம் ஒன்றைப் பற்றிப் பொஸ்டன் நகர மருத்துவர் டெய்லர் எழுதினார். அக்குடும்பத்தினருக்கு நடுவயது கடந்தபின் இமைகள் தாழ்ந்தன. உணவை விழுங்குவதும் அரிதாயிற்று. நரம்பின் கோளாறு என்றே அவர் கருதினார். அது தசையின் நோய் என்பது, நமது பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றிய அதே 1962ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மருத்துவர் சிலரால் எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் மொன்றியல் அறிஞர் பார்போ குடிவழிப் பதிவேடுகளைப் புரட்டி, 1634இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதியரே நோயாளர் பலருக்கும் மூதாதையர் என்றார். மூதாதையர் யாவர் என்பதில் பின்வந்தோர் மாறுபட்டனர். அது குடிவழி நோய் என்பதில் மாறுபாடில்லை. 1998இல் அதற்குரிய மரபணுவும் அறியப்பட்டது. கியூபெக்கின் பிரெஞ்சு வழியினருள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

அங்கும் எத்தனையோ வீடுகளில், “எங்கள் குடும்பக் கண்” என்றே அதனைச் சொல்லியிருப்பர்!

ஆகவே, யாரிடமிருந்து வந்தது என்பதிலும், எப்போதிருந்து தாழ்ந்தது என்பதே முதன்மையான வினா. பிறவியிலேயே தாழ்ந்து, மாறாதிருக்கும் இமை பெரும்பாலும் அச்சந்தருவதன்று. அது கண்மணியை மறைக்குமாயின் கதை வேறு. மோவாயை உயர்த்திக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையைச் செருக்குடையவன் என எண்ணிவிடுகிறோம்; அவனோ இமைக்குக் கீழாகப் பார்க்க முயல்கிறான். மறைபட்ட கண் இளவயதில் பார்வையைப் பழகாவிடில், பிற்காலச் சிகிச்சையால் அதனை முற்றாக மீட்பது கடினம். ஓரிரவில் சரியும் இமையோ உடனே மருத்துவமனையை நாடவேண்டியது. தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டினால், வலி அதிகமின்றியே காலையில் இமை தாழ்வதுண்டு.

ஐயமுற்ற மருத்துவர் பழைய நிழற்படங்களைக் கேட்பதும் இதனாலேயே. சுவரில் தொங்கும் திருமணப் படத்தில் பாட்டனாரின் கண்கள் நன்கு திறந்திருக்குமாயின், அவருக்கு அது பிறவிக் கண்ணன்று.